ஏட்டுக்கு உரியவர்

வால்டேரை அறிவீர்கள். ரூசோவை அறிவீர்கள். இங்கர்சால் என்று தொடங்கும்போதே கைதட்டி விடுவீர்கள். காஸ்தோன் லோரான் கேர்தூ என்ற பெயரைக் கேட்டதுண்டா? நாமும் கேட்டதில்லை, தோழர்களே, சென்ற ஆண்டு ஐப்பசித் திங்கள் வரையில். கோடைக்கானல் மலையிலே, குளிர் ஒரு பக்கமும் கூச்சம் ஒரு பக்கமுமாக நம்மை வாட்டிய ஒரு மாலைப் பொழுதிலேதான் முதன்முதலாகக் கேட்டோம்.

வத்தலக்குண்டிலிருந்து பேருந்து ஏறியபோது நமது மடியில் ஒரு கட்டு இருந்தது. நாமே எழுதி, நாமே காசு போட்டு அச்சிட்ட சிறு வெளியீடு. "கண்டவர் சொன்னது" என்பது தலைப்பு. ஆபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார், நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகட்கு முன்னர் நம் நாட்டுச் சாதிகளையும் சடங்குகளையும் நேரிலே கண்டு எழுதிய பெருநூலிலிருந்து பொறுக்கி எடுத்த செய்திகளும், அவற்றுக்கு நமது விளக்கங்களும் கொண்டது. இருபது ஆண்டுகளாக மேடையிலே நாம் முழங்கி வந்ததன் சாரம். மலையில் சில இளைஞர்கள் படிப்பு வட்டம் ஒன்று நடத்துகிறார்கள். ஓட்டலிலே வேலை பார்ப்போர், தோட்டத்துக் கணக்கர், கல்லூரி மாணவர், ஒரு கார் ஓட்டுநர் என்று பதினெட்டுப் பேர். "அண்ணன் வந்து துபுவாவைப் பற்றிப் பேசவேண்டும்" என்று அழைத்திருந்தார்கள்.

மலைப்பாதையிலே வளைவுக்கு வளைவு காட்சி மாறும். புளியும் வேம்பும் மறைந்து காப்பித் தோட்டம் வரும். காப்பியும் மறைந்து தைலமரம் வரும். வெள்ளி அருவியைத் தாண்டினால் செண்பகனூர். அங்கே 1895-இல் ஏசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரி. நெடுங்காலமாகப் பழைய பாதிரிமார்களின் கடிதங்களும் குறிப்பேடுகளும் சேமிக்கப்பட்ட இடம் அது. பழனி மலைத் தொடரிலே சிதறிக் கிடக்கும் கற்பதுக்கைகளுக்குள்ளே ஊர்ந்து ஊர்ந்து அளந்து, 1928-இல் தொல்பொருள் துறையின் வெளியீடாக நூல் தந்த ஆங்லாத், நியூட்டன் இருவரும்கூடப் பாதிரிமார்களே. சாமியார்கள் நம்மிடம் இருந்தார்கள், அவர்களிடமும் இருந்தார்கள். அவர்களுடைய சாமியார்கள் அளவுகோலும் கையுமாக மலையேறினார்கள் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

இன்னொரு நினைவும் அந்த ஊருக்குண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் கோடைக்கானலிலேதான் கண் மூடினார். உடலை இடையன்குடிக்குக் கொண்டு சென்றார்கள். ஏரிக்கரையிலே சுற்றுலா வந்தோர் குதிரைச் சவாரி செய்கிறார்கள், மக்காச்சோளம் தின்கிறார்கள். அந்த முதியவர் கடைசி மூச்சு விட்ட ஊர் இது என்பதை எத்தனை பேர் எண்ணுகிறார்கள்? இதைத்தான் அன்று கூட்டத்திலே முதலில் கேட்டோம். கைதட்டினார்கள். தட்டினால் நமக்குத்தான் தெம்பு வருமே! தொடர்ந்து துபுவாவுக்கு வந்தோம்.

"தோழர்களே! இதை நாம் சொல்லவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளையர், தன் கண்ணால் கண்டு, தன் கையால் எழுதி வைத்தது!" என்று குரலை உயர்த்தினோம். மறுபடியும் கைதட்டல்.

கடைசி நாற்காலியில் கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். புதுவையிலே பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியிலே படித்து, பின்னர் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மூச்சுத் தொல்லைக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லியும் மலையை விட்டு இறங்க மறுப்பவர் என்று பிறகு அறிந்தோம். கேள்வி நேரம் வந்தது. மெல்ல எழுந்தார்.

"ஐயா, ஒரு சிறு ஐயம். கண்ணால் கண்டார் என்றீர்கள். துபுவா நம் நாட்டுக்கு வந்தது எந்த ஆண்டு?"

"1792" என்றோம், சட்டென்று.

"சரி. அவர் எழுதியதாகச் சொல்லும் நூலின் பெரும்பகுதி, அவர் கப்பல் ஏறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் கண்டவர் யார்?"

கூட்டம் அமைதியானது. எதிரிகள் கல்லெறிந்த கூட்டங்களிலே பேசியிருக்கிறோம், மின்விளக்கை அணைத்த கூட்டங்களிலும் பேசியிருக்கிறோம். அன்றுபோல் நா உலர்ந்ததில்லை. "ஆராய்ந்து சொல்கிறோம்" என்று எப்படியோ முடித்தோம். பெரியவர் எள்ளி நகையாடவில்லை. "இரவு வீட்டுக்கு வாருங்கள், ஐயா. தேநீர் உண்டு, புத்தகமும் உண்டு" என்றார்.

போனோம். படிப்பு வட்டத்து இளைஞர் இருவரும் உடன் வந்தார்கள். கூரையிலே மழை, அடுப்பிலே கரி, மேசையிலே பிரெஞ்சு ஏடுகள். அவர் படித்துப் படித்துப் பொருள் சொல்ல, நாம் குறித்துக்கொண்டோம்.

கேர்தூ 1691-இல் பிரான்சு நாட்டுப் பூர்ழ் நகரத்திலே பிறந்தவர். ஏசு சபையிலே சேர்ந்தார். சபையின் பள்ளிகளிலே இலத்தீனும் கிரேக்கமும் தாய்ப்பால் போலப் புகட்டுவார்கள். அந்தக் கல்வியோடு 1732-இல் நம் நாட்டுக்கு வந்தார். தெலுங்கு நாட்டிலே பணி, பிறகு புதுச்சேரி. தெலுங்கு பயின்றார், வடமொழி பயின்றார், அகராதி தொகுத்தார். ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் இந்த மண்ணிலேயே வாழ்ந்து, திரும்பிப் போகாமலே 1779-இல் புதுச்சேரியிலே இறந்தார். இடையிலே 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1773-இல் போப்பாண்டவரே ஏசு சபையைக் கலைத்தார். 1778-இல் ஊர் மறுபடியும் ஆங்கிலேயர் கையிலே. வாழ்ந்த ஊரும் போய், சார்ந்த சபையும் போய், எண்பது வயதைத் தாண்டிய ஒரு கிழவர் ஏடுகளோடு எஞ்சி நின்றார்.

மதம் பரப்ப வந்தவர் என்று ஒரு வரியிலே ஒதுக்கிவிட எண்ணும் இளைஞர்க்கு, 1742-ஆம் ஆண்டு சனவரியிலே அவர் எழுதிய கடிதம் ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் கடற்கரைச் சாயத் தொழிலாளர்கள் துணியிலே சித்திரம் தீட்டும் முறை பற்றியது. அந்த நாளிலே ஐரோப்பியச் சீமாட்டிகள் நம் சித்திரத் துணிக்கு ஏங்கிக் கிடந்தார்கள். துவைத்தாலும் மங்காத வண்ணம் அதற்கு. பிரெஞ்சு அரசோ, தன் நெசவாளரைக் காக்க 1686 முதல் 1759 வரை அந்தத் துணிக்குத் தடையே போட்டிருந்தது. கேர்தூ, புதிதாக மதம் மாறிய சாயக்காரரிடம் உட்கார்ந்து கேட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒத்துப் பார்த்தார். துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரிலே தோய்ப்பது. கரித்தூள் தட்டிக் கோலம் பதிப்பது. இரும்புக் காடியிலே கறுப்பு வருவது. படிகாரம் பூசிய இடத்திலே மட்டும் சாயவேரின் சிவப்பு பற்றுவது. நீலம் ஏறக்கூடாத இடமெல்லாம் மெழுகு பூசி மூடுவது. ஒவ்வொன்றையும் வரிசை பிசகாமல் எழுதி அனுப்பினார்.

களவா, கல்வியா? இரண்டும்தான் என்பது நம் கருத்து. தொழில் இரகசியம் கப்பலேறிப் போயிற்று. கைத்தொழிலாளர் வயிற்றிலே பிற்காலத்தில் விழுந்த அடிக்கு அதுவும் ஒரு சிறு காரணம். ஆனால் நம்மவரைக் கேட்போம். சாயம் தோய்த்தவன் கையை நூற்றாண்டுக் கணக்கிலே பார்த்திருந்த நம் பண்டிதர்கள், அவன் செய்வதிலே ஓர் அறிவு இருக்கிறது, அதை ஏட்டிலே எழுதவேண்டும் என்று எண்ணினார்களா? அவன் தொட்ட நீரைக் குடிக்கலாமா என்று அன்றோ எண்ணிக் கொண்டிருந்தார்கள்! அந்தத் தொழிலாளர் ஒருவர் பெயரைக்கூடக் கேர்தூ நமக்கு விட்டு வைக்கவில்லை என்பதையும் பெரியவரே சுட்டிக் காட்டினார்.

இனி அவர் புகழுக்கு உரிய செய்தி. 1767-இல் பாரிசு நகரத்துக் கல்வெட்டுக் கழகத்தின் அறிஞர் பார்த்தெலெமிக்குக் கேர்தூ ஒரு கடிதம் எழுதினார். அதிலே ஒரு வினா. வடமொழியிலே இத்தனை சொற்கள் இலத்தீனோடும் கிரேக்கத்தோடும் ஒத்துப் போவானேன்?

இந்த வினாவின் எடை தெரிய வேண்டுமானால் இன்னும் பின்னே போகவேண்டும். பிரான்சிலே பிறந்த பேரறிஞர் ஸ்காலிஜர், கிரேக்க இலத்தீன் புலமையிலே தம் காலத்து மலை, 1599-இல் ஐரோப்பிய மொழிகளைக் குலம் குலமாகப் பிரித்தார். எதை வைத்துப் பிரித்தார் தெரியுமா? கடவுளைக் குறிக்கும் சொல்லை வைத்து! 'தெயுஸ்' என்போர் ஒரு குலம், 'தெயோஸ்' என்போர் ஒரு குலம், 'காட்' என்போர் ஒன்று, 'போக்' என்போர் ஒன்று. கடவுளால் ஒரு நன்மை விளைந்தது என்று நாம் ஒப்புக்கொள்ளும் மிகச் சில இடங்களிலே இதுவும் ஒன்றாக இருக்கட்டும். பிரித்த ஸ்காலிஜர், இந்தக் குலங்களுக்குள்ளே ஒன்றோடு ஒன்று உறவே இல்லை என்று முடிவு கட்டினார். நூற்றறுபத்தெட்டு ஆண்டுகள் சென்றபின், புதுச்சேரி வெயிலிலே உட்கார்ந்து கேர்தூ அந்த வேலியைத் தாண்டினார்.

அவர் முறைதான் நமக்கு முக்கியம். 'தானம்' என்பது இலத்தீனிலே 'தோனும்'. 'அக்னி', 'இக்னிஸ்'. 'மத்யம்', 'மெதியுஸ்'. 'விதவா', 'விதுவா'. (கணவனை இழந்தவளுக்கு இரு நாட்டாரும் ஒரே பெயர் வைத்தார்கள், மொட்டையடித்து மூலையிலே உட்கார வைக்கும் முறையை மட்டும் நம் நாட்டார் தனியாகக் கண்டுபிடித்தார்கள்.) சொல் ஒப்புமையோடு அவர் நிற்கவில்லை. இருக்கிறேன், இருக்கிறாய், இருக்கிறது என்பதற்கு வடமொழியிலே 'அஸ்மி, அஸி, அஸ்தி'. இலத்தீனிலே 'சும், எஸ், எஸ்த்'. ஒருமை, பன்மை என்பதற்கு நடுவிலே இருமை என்று ஒன்று வடமொழிக்கும் உண்டு, கிரேக்கத்துக்கும் உண்டு. சொல்லுக்கு முன்னே 'அ' சேர்த்தால் இல்லை என்ற பொருள் தருவது அங்கும் இங்கும் ஒன்றே.

எப்படி வந்தது இந்த ஒற்றுமை? தடைகளை அவரே எழுப்பினார், அவரே ஆராய்ந்தார். வாணிகத்தால் வந்ததா? வாணிகத்தால் மிளகின் பெயர் போகும், துணியின் பெயர் வரும். 'இருக்கிறேன்' என்று சொல்ல எந்த வணிகனிடம் எவன் கற்றுக்கொள்வான்? அலெக்சாந்தர் படையோடு வந்ததா? படை கொண்டுவரும் சொற்களுக்கு ஓர் அளவுண்டு. புலவர்கள் மாற்றிக்கொண்டார்களா? புலவர்கள் கலைச்சொல்லை மாற்றிக்கொள்வர், அன்றாடச் சொல்லையும் வினைமுற்றையும் மாற்றிக்கொள்ளார். ஆகவே, முன்னொரு காலத்திலே இம்மொழி பேசியோர் அனைவரும் ஒரே குடும்பத்தினராக இருந்திருக்க வேண்டும் என்று முடித்தார்.

இங்கே பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "இதற்கு மேலே பாபேல் கோபுரம் வந்துவிடும், ஐயா. நோவாவின் மகன் யாப்பேத்து வழியிலே வந்த மக்கள் என்று விளக்கம் சொல்கிறார்." உண்மைதான். பாதை முழுவதும் அறிவின் விளக்கோடு நடந்தவர், வீட்டு வாசலிலே விளக்கை ஊதி அணைத்துவிட்டு வேத புத்தகத்துக்குள்ளே புகுந்துகொண்டார். என்றாலும் நடந்த பாதை நடந்ததுதானே? அதை அவர்க்கு மறுக்கலாமா?

பாரிசு நகரத்தார் மறுத்தார்கள். கடிதம் ஆங்கெத்தில் துபெரோன் கைக்குப் போயிற்று, பெட்டியிலே தூங்கிற்று. அதற்குள், 1786 பிப்ரவரியிலே, கல்கத்தாவிலே, வில்லியம் சோன்சு அதே கருத்தைத் தம் சொற்பொழிவிலே வெளியிட்டார். உலகம் வியந்தது. கேர்தூவின் கடிதம் அச்சேறியது 1808-இல். எழுதி நாற்பத்தோராண்டு, எழுதியவர் இறந்து இருபத்தொன்பதாண்டு.

வடமொழி தேவபாடை, எல்லா மொழிக்கும் தாய் என்போர்க்கு இந்தக் கடிதம் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. தாயாக இருந்தவளை அது பல சகோதரிகளுள் ஒருத்தியாக்கிற்று. வீட்டிலே சகோதரிக்கு மரியாதை உண்டு. மற்ற வீட்டாரெல்லாம் அவள் காலிலே விழவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே அளவுகோலை எடுத்துத்தான் எல்லிசு 1816-இல் தெற்கே அளந்தார். நடு என்றால் கன்னடத்திலும் நடு, தெலுங்கிலே நடும. மூன்று, மூரு, மூடு. இவை வேறு குடும்பம் என்றார். நாற்பது ஆண்டு கழித்து, 1856-இல், கால்டுவெல் அதை மாளிகையாக எழுப்பினார். ஆகவே தோழர்களே, கோடைக்கானலிலே கண் மூடிய முதியவரும் புதுச்சேரியிலே கண் மூடிய முதியவரும் ஓர் அளவுகோலின் இரு முனையைப் பிடித்தவர்கள்.

அந்த அளவுகோல் நம் முதுகிலும் விழும் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஒலி ஒத்திருந்தால் போதும், ஆங்கிலச் சொல்லெல்லாம் தமிழிலிருந்து போனவையே என்று மேடையிலே வேடிக்கை காட்டுவோர் நம்மிடையேயும் உண்டு. கைதட்டும் கிடைக்கும். கேர்தூ கேட்ட கேள்விகளிலே ஒன்றையாவது, வினைமுற்று ஒக்கிறதா என்பதையாவது, அவர்கள் கேட்டுக்கொண்டதுண்டா?

உடன் வந்த இளைஞர்களிலே ஒருவர், ஓட்டலிலே கணக்கெழுதுபவர், துள்ளிக் குதித்தார். "அண்ணே, அடுத்த கூட்டம் கேர்தூவுக்கே! படம் கிடைத்தால் மாட்டிவிடுவோம்!"

"மாட்டுமுன் இதையும் கேள், தம்பி" என்று பெரியவர் எடுத்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. தூய்ப்பிளெக்சின் துபாசியாக இருந்து, 1736 முதல் 1761 வரை அன்றாடம் எழுதி வைத்த பிள்ளையவர்கள், 1748 செப்டம்பரிலே நடந்ததையும் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் முற்றுகை. அந்த நெருக்கடியிலே, சம்பாக் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரன் கோயில் இடிக்கப்பட்டது. நெடுநாளாக அதை இடிக்கத் துடித்தவர்கள் பாதிரிமார்கள்; ஆதரவு தந்தது ஆளுநர் மாளிகை. உள்ளே புகுந்து கருவறையைக் காலால் உதைத்து, கதவைப் பெயர்க்கவும் வாகனங்களை உடைக்கவும் ஆணையிட்ட சபைத் தலைவர் என்று பிள்ளையவர்கள் குறிப்பிடும் பெயர், கேர்தூ.

அறையிலே மழை ஓசை மட்டும் கேட்டது.

நாம் எதை எண்ணினோம் என்பதை மறைக்காமல் சொல்லுகிறோம். முதல் நொடியிலே, "சிலைதானே!" என்று ஒரு நினைப்பு எழுந்தது. எழுந்தது உண்மை. அடுத்த நொடியிலே வெட்கம் வந்தது. தன் நம்பிக்கையை இழந்தவன், தன் வீட்டுப் பொம்மையைத் தானே உடைத்து, அடியும் வசையும் தானே வாங்கிக் கொள்வது ஒன்று. பீரங்கியின் நிழலிலே நின்று, ஆளுநரின் சிப்பாயை வைத்து, அயலான் வழிபடும் இடத்தை உதைத்துத் தன் கடவுளுக்கு இடம் தேடுவது வேறு. பகுத்தறிவுக்கும் அதற்கும் என்ன உறவு? அந்தப் பாதிரியாரின் தேவாலயத்துக்குள்ளேயோ சாதி ஒழிந்திருந்ததா? தாழ்த்தப்பட்ட கிறித்தவரைத் தனியே நிறுத்தக் கோயிலுக்குள் சுவர் இருந்ததையும், அவர்கள் முறையிட்டு 1745-இல் அது இடிக்கப்பட்டதையும் அதே நாட்குறிப்பு கூறுகிறது. இடிக்கப்பட வேண்டிய சுவர் அது. அதைக் கேட்டு வாங்கியவர்கள், ஒதுக்கி நிறுத்தப்பட்ட அந்த மக்களே.

"அப்படியானால் படம் வேண்டாமா?" என்று கேட்டார் இளைஞர், குரல் இறங்கி.

"படம் எதற்கு? கடிதம் இருக்கிறது, நாட்குறிப்பு இருக்கிறது. இரண்டையும் படி" என்றார் பெரியவர்.

அதற்குமேல்தான் நமது வெளியீட்டின் கதை. கேர்தூ இந்நாட்டு மக்களின் ஒழுக்கமும் வழக்கமும் பற்றிப் பெரிய நூலொன்று எழுதியிருந்தார். தெவோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி அதை ஒழுங்குபடுத்தி, 1777-இல் ஒரு படி ஆக்கினார். பிற்பாடு வந்த துபுவா கையிலே அந்த நூல் கிடைத்தது. எடுத்தார், சேர்த்தார், திருத்தினார், தம் பெயரைப் போட்டார். மைசூர்ப் பகுதியிலே பணியாற்றிய அவரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி, பெண்டிங்கு பிரபுவின் பரிந்துரையோடு, 2,000 நட்சத்திர வராகன் கொடுத்துக் கையெழுத்துப் படியை வாங்கிற்று. 1816-இல் ஆங்கிலத்திலே வெளிவந்தது. 1897-இல் வந்த புதிய ஆங்கிலப் பதிப்புக்கு மாக்சு முல்லரே முன்னுரைக் குறிப்பு எழுதினார். அவர்க்கும் ஐயம் எழவில்லை. லண்டன் இந்தியா ஆபீசு நூலகத்திலே கிடந்த தெவோவின் படியைக் கண்டெடுத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, 1987-இல் உண்மையை வெளிப்படுத்தியவர் சில்வியா மூர் என்ற பிரெஞ்சுப் பெண் அறிஞர்.

1987! நாம் மேடையேறத் தொடங்கியதற்கு முன்னரே வெளிவந்துவிட்ட செய்தி. தேடாதது நம் குற்றம். "துபுவாவே சொல்லிவிட்டார்" என்பது நமக்கு இனித்தது. இனித்ததால், எங்கிருந்து சொன்னார் என்று கேட்கவில்லை.

நமக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, பெரியவர் வால்டேரைப் பற்றியும் சொன்னார். வால்டேர்க்கு 1760-ஐ ஒட்டி ஓர் ஏடு வந்து சேர்ந்தது. எசூர் வேதம் என்பது பெயர். பிராமணரின் பழம்பெரும் மறை, அலெக்சாந்தருக்கும் முற்பட்டது என்று நம்பினார். விவிலியத்தைவிடப் பழமையான, ஒரே கடவுளைச் சொல்லும் நூல் ஒன்று இந்தியாவிலே இருந்தது என்று பாதிரிமாரின் தலையிலே அடிக்க அதைவிட நல்ல தடி கிடைக்குமா? அடித்தார். அரச நூலகத்துக்கும் அந்த ஏட்டை அளித்தார். அது வேதமே அன்று! இங்கே மதம் பரப்ப, இங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரிமார்களே புனைந்த நூல். புதுச்சேரியிலே அதன் உடன்பிறப்பு ஏடுகளைக் கண்டு எல்லிசு எழுதிய ஆராய்ச்சி, அவர் இறந்தபின் 1822-இல் வெளிவந்தது. பாதிரிமாரை அடிக்கப் பாதிரிமார் செய்து கொடுத்த தடியையே வீசியிருக்கிறார் ஐரோப்பாவின் கூரிய அறிஞர். பெரியவர் சிரித்தார், நாமும் சிரித்தோம். நமது சிரிப்பிலே பாதி இருமல்.

"துபுவாவின் நூல் பொய்யா, ஐயா?" என்று கேட்டோம், கடைசியாக ஒரு கயிற்றைப் பிடிப்பவர்போல.

"பொய் என்று நான் சொல்லவில்லையே. சாதி இருந்தது, கொடுமை இருந்தது. சாட்சி மாறிவிட்டார், காலமும் மாறிவிட்டது. மைசூரிலே 1800-ஐ ஒட்டிக் கண்டதாக நீங்கள் சொன்னதிலே, புதுச்சேரியிலும் தெலுங்கு நாட்டிலும் அரை நூற்றாண்டு முன்னர்க் கண்டதும் கேட்டதும் கலந்திருக்கிறது. எது எவருடையது என்று பிரித்துப் பாருங்கள். பிரிக்க முடியாததை மேடையிலே சொல்லாதீர்கள். வழக்குமன்றத்திலே இதைத்தானே கேட்பார்கள்?"

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குளிர் என்று சொன்னோம் இளைஞர்களிடம். கட்டிலின் கீழே கட்டு கிடந்தது. "கண்டவர் சொன்னது". நானூறு படி அச்சிட்டோம். இருநூறுக்கு மேல் விற்றாயிற்று. மலைக்குக் கொண்டுவந்தவை அறுபது. விடியற்காலை எழுந்து, விளக்கு வெளிச்சத்திலே நம் எழுத்தை நாமே படித்தோம். முப்பத்திரண்டு பக்கத்திலே "நேரில் கண்ட துபுவா" என்று பதினோரு இடம். எண்ணி எண்ணிச் சுழித்தோம்.

காலையிலே இளைஞர்களிடம் சொன்னோம். ஒருவர் தடுத்தார். "அண்ணே, எதிராளி இதைப் பிடித்துக்கொள்வான். துபுவாவே பொய் என்பான், நீங்கள் இத்தனை ஆண்டு பேசியதெல்லாம் பொய் என்பான். யாருக்கும் தெரியாது, விட்டுவிடுங்கள்." அவர் சொன்னதிலே உலக நடப்பு இருந்தது. எதிராளி பிடித்துக்கொள்ளத்தான் செய்வான். இந்தக் கட்டுரை வெளிவந்தபின் எவரேனும் பிடித்துக்கொண்டும் இருக்கக்கூடும். ஆனால் கடைசி நாற்காலியிலே ஒருவருக்குத் தெரிந்திருந்ததே! தலபுராணக்காரர் ஏட்டுக்குக் காலம் கேட்டு இருபதாண்டு எள்ளியவர்கள், நம் ஏட்டுக்குக் காலம் கேட்டவரைக் கண்டு ஓடலாமா?

கடைத்தெருவிலே ஓர் அச்சகம் உண்டு. பிற்பகலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு அடித்துத் தந்தார்கள். ஆறு வரி. துபுவாவின் பெயரால் வழங்கும் நூலிலே பெரும்பகுதி காஸ்தோன் லோரான் கேர்தூ என்பவர் எழுதியது, 1777-இல் தெவோ படியாக்கியது, இவ்வெளியீட்டிலே "நேரில் கண்ட" என்று வரும் இடமெல்லாம் அதற்கேற்பப் படித்துக்கொள்ளவும், தவறு ஆசிரியருடையது. வாங்கிச் சென்றவர்கள் படியைத் திருப்பி அனுப்பினால் சீட்டு ஒட்டி நமது செலவிலே அனுப்பப்படும் என்பதையும் சேர்த்தோம். முகவரியை இந்த இதழின் அலுவலகத்திலே கேட்டுப் பெறலாம்.

பேருந்து நிலையத்து மரப்பலகையிலே உட்கார்ந்து ஒட்டினோம், பசைக் கிண்ணம் நடுவிலே வைத்து. தடுத்த இளைஞர்தான் அதிகம் ஒட்டினார். ஐம்பதாவது படியிலே நிறுத்தி, "அண்ணே, சாயக்காரர் பெயர் ஒன்றும் இல்லையே, இதிலே எங்கே போடுவது?" என்று கேட்டார். மேலட்டையின் உட்புறத்திலே இடம் இருந்தது. "சாயத் தொழிலாளர் சிலர், பெயர் தெரியவில்லை, 1742" என்று பேனாவாலே அவரே எழுதினார். மை காயுமுன் வத்தலக்குண்டு வண்டி வந்துவிட்டது. மற்றவற்றிலே எழுத நேரமில்லை. அந்த ஒரு படியை விற்காமல் வைத்திருக்கிறோம்.